இளைப்பு மருந்துகள்: மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். ஆஸ்துமாவுக்கும், சி.ஓ.பி.டி. என்று டாக்டர்கள் சீட்டில் எழுதும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் மருந்து வாங்க வருகிறவர்களின் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. மேலப்பாளையத்துக்காரர் கேட்டதையேதான் முக்கூடல்காரரும் திசையன்விளைக்காரரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். அந்த மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் சொல்கிறேன். அது தெரியாமல் நல்ல மருந்தைப் பாதியில் விடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

இளைப்பு, இரைப்பு, வீசிங், ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

இளைப்பு, இரைப்பு, வீசிங் ஆகியவை நாம் படும் அவஸ்தைக்கு வைத்த பெயர்கள். ஆஸ்துமாவும் சி.ஓ.பி.டி.யும் நோய்களின் பெயர்கள்; இரண்டும் வேறு வேறு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கியிருக்கிறது. தூசி, புகை, சளிக்காய்ச்சல், செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று என ஏதாவது ஒன்று தூண்டிவிட்டால் போதும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, சளியும் சுரந்து, வழி அடைபடுகிறது. சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் வழி திறந்துவிடும். இழுப்பு இல்லாத நாட்களில் அவர் மற்றவர்களைப் போலவே இருப்பார்.

சி.ஓ.பி.டி. பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல் வெளிப்படுவது. பல வருடப் புகையால் குழாய்கள் தடித்துப்போகின்றன, நுரையீரலின் காற்றுப்பைகளின் சுவர்களும் சிதைந்துபோகின்றன. சிதைந்தது மீண்டும் வளராது. உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராமல் தேங்கிவிடுவதால், நாலு படி ஏறினாலே மூச்சு முட்டுகிறது. எந்த நோய் என்பதைக் கண்டுபிடிக்க ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை இருக்கிறது. ஒரு தடவை ஊதச் சொல்லி, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, மறுபடியும் ஊதச் சொல்வார்கள். இரண்டாவது தடவை நன்றாகக் கூடினால் ஆஸ்துமா பக்கம் சந்தேகம் போகும். இந்தப் பரிசோதனை இல்லாமல் வருடக்கணக்காக ஏதோ ஒரு மருந்தை வாங்கிக்கொண்டிருந்தால், ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் நெஞ்சகப் பிரிவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள்.

அண்ணாச்சி, டாக்டர் இரண்டு பம்பு எழுதியிருக்கிறார். ஒன்று மட்டும் கொடுங்கள், போதும்.

ஒன்று மட்டும் என்று கேட்கிறவர்கள் வாங்கிப்போவது பெரும்பாலும் தவறான ஒன்றையே என்பதால் இந்தக் கேள்வி எனக்குக் கவலை தருகிறது. பம்பு என்று நாம் சொல்லும் இன்ஹேலர்கள் இரண்டுக்கும் வேலை வேறு. சால்பியூட்டமால், லெவோசால்பியூட்டமால் போன்றவை உடனடி நிவாரணத்துக்கானவை. மூச்சுக்குழாய்த் தசையில், நம் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. இந்த மருந்து அந்த இடங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. இறுகிய தசை தளர்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் சுகம் தெரியும். நாலு முதல் ஆறு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தை இது தொடுவதே இல்லை.

வீக்கத்தை ஆற்றுவது இன்னொரு பம்பு. அதில் இருப்பது பியூடெசோனைடு, புளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. இது செல்லுக்குள்ளேயே நுழைந்து, அழற்சிப் பொருட்களைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுக்களை அடக்குகிறது. உள்ளே நடக்க வேண்டிய வேலை என்பதால் இன்று இழுத்தால் இன்றே தெரியாது. சில நாட்களில் பலன் தொடங்கும், முழுப் பலனுக்குச் சில வாரங்கள் ஆகும். இழுத்தவுடன் சுகம் தருவது நல்ல மருந்து, ஒன்றும் தெரியாதது வீண் செலவு என்று ஜனங்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆஸ்துமாவில் உயிரைக் காப்பது அந்த ‘ஒன்றும் தெரியாத’ மருந்துதான். ஸ்டீராய்டு ஒழுங்காகப் போனால், நான் சொன்ன அந்த ஒட்டிக்கொள்ளும் இடங்களின் எண்ணிக்கை கூடுகிறது. நிவாரண மருந்தையே ஓயாமல் அடித்தால் அவை குறைகின்றன. முன்பு இரண்டு தடவை அடித்தால் கேட்டது இப்போது ஆறு அடித்தாலும் கேட்கவில்லை என்று சொல்கிறவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

பம்பு அடித்தால் பழகிப்போய்விடும், அப்புறம் விடவே முடியாது என்கிறார்களே?

போதைப்பொருள் பழகுவதுபோல எந்த இன்ஹேலரும் பழகுவதில்லை. நோய் வருடக்கணக்கில் இருப்பதால் மருந்தும் வருடக்கணக்கில் தேவைப்படுகிறது. பிரஷர் மாத்திரையை யாரும் பழக்கம் என்று சொல்வதில்லையே. மேலே சொன்னபடி, ஸ்டீராய்டை விட்டுவிட்டு நிவாரண மருந்தை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் தேவை கூடிக்கொண்டே போகும். அதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு ஊருக்குள் பரவியிருக்க வேண்டும்.

ஒரு அளவுகோல் சொல்கிறேன். இருநூறு தடவை அடிக்கக்கூடிய சால்பியூட்டமால் பம்பு ஒருவருக்கு வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தேவைப்பட்டால், கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மாதாமாதம் நிவாரண பம்பு மட்டும் வாங்க வருகிறவரிடம் பணத்தை வாங்கும் முன் நான் டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்பது இதனால்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரையாகவே கொடுங்களேன். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைக்கு வரன் பார்க்கிறோம், பம்பு வைத்திருப்பது தெரிந்தால் என்ன சொல்வார்கள்?

இதைக் கேட்கிற தாய்மாரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அளவைப் பாருங்கள். சால்பியூட்டமால் ஒரு தடவை அடித்தால் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது 4,000 மைக்ரோகிராம். அதாவது நாற்பது தடவை அடிக்கும் மருந்தை ஒரே வாயில் விழுங்குகிறீர்கள். அது குடலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுவதும் சுற்றி, அதில் ஒரு பங்குதான் நுரையீரலுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் கூடுதல், கேட்பதோ தாமதம். கண்ணில் நோய் என்றால் கண்ணில்தானே சொட்டு விடுகிறோம். நெஞ்சுக்கான மருந்தை நெஞ்சுக்கு நேராக அனுப்புவதும் அப்படித்தான்.

கல்யாணத்துக்கு முன் மருந்தை மறைத்து, கல்யாணத்தன்று ஹோமப் புகையில் இழுத்துக்கொண்டு நின்றால் அது அந்தப் பிள்ளைக்குத்தான் கஷ்டம். காலையும் இரவும் வீட்டிலேயே இழுத்துக்கொள்ளும் மருந்து இது. ஒழுங்காக எடுத்தால் வெளியில் யார் முன்னாலும் பம்பைத் தேட வேண்டிய நிலையே அனேகமாக வராது.

ஸ்டீராய்டு என்கிறீர்களே, சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தே ஆக வேண்டும். இது உடற்பயிற்சிக் கூடங்களில் சதை ஏற்றப் போடும் ஸ்டீராய்டு அல்ல; நம் சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி அன்றாடம் சுரக்கும் கார்ட்டிசோலின் இனம். இழுக்கும் மருந்தில் அளவு மைக்ரோகிராம் கணக்கு. பல வருடம் தொடர்ந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு உயரத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறையலாம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். அதை மறைக்க மாட்டேன். அடிக்கடி இழுப்பு வந்து, தூக்கமும் பள்ளிக்கூடமும் கெட்டு, ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியுமாக வளரும் பிள்ளைக்கு ஏற்படும் நஷ்டம் இதைவிடப் பெரியது.

பம்பு அடித்தாலும் ஒன்றும் கேட்கவில்லை. டூப்ளிகேட் மருந்தா?

இப்படிக் கேட்பவரிடம், எனக்கு முன்னால் ஒரு தடவை அடித்துக் காட்டுங்கள் என்பேன். வாயைத் திறந்து, பம்பை அழுத்தி, வாசனைத் திரவியம் அடிப்பதுபோல நாக்கில் அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். வெள்ளைப் புகை மூக்கு வழியாக வெளியே வரும். கண்ணுக்குப் புகை தெரிந்தால் அந்த மருந்து நுரையீரலுக்குப் போகவில்லை என்று பொருள். சரியாக அடித்தாலும் நுரையீரலுக்குள் போய்ச் சேருவது ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். மீதி தொண்டையில் படிந்துவிடுகிறது. தப்பாக அடித்தால் அதுவும் இல்லை.

முறை இதுதான். பம்பை நன்றாகக் குலுக்குங்கள். நெஞ்சிலுள்ள காற்றை மெதுவாக வெளியே விடுங்கள். உதடு இடைவெளியில்லாமல் கவ்விக்கொண்டு, மூச்சை இழுக்க ஆரம்பிக்கும் அதே நொடியில் ஒரு தடவை அழுத்துங்கள். அழுத்திய பிறகும் மெதுவாக, ஆழமாக இழுத்துக்கொண்டே இருங்கள். பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடியுங்கள். இரண்டாவது தடவை தேவையென்றால் அரை நிமிடம் கழித்து மறுபடியும் குலுக்கி அடியுங்கள்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் கைகூடாதவர்களுக்கு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை இருக்கிறது. அதற்குள் அடித்துவிட்டு நிதானமாக மூச்சு வாங்கினால் போதும். தொண்டையில் படிவதும் குறையும். குழந்தைகளுக்கு முகமூடி வைத்த ஸ்பேசர். என்னைக் கேட்டால் பம்பு வைத்திருக்கும் எல்லோருக்குமே ஸ்பேசர் வேண்டும் என்பேன். அதைக் கழுவும்போது பாத்திரம் துலக்கும் சோப்புநீரில் முக்கி எடுத்துத் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உட்சுவரில் மின்னேற்றம் உண்டாகி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எனக்குக் கொடுத்தது பம்பு இல்லை, கேப்சூல் போட்டுத் திருகி இழுக்கும் மிஷின். அதற்கும் இதே முறையா?

இல்லை, நேர்மாறு. பம்பில் வாயு மருந்தைத் தள்ளிக் கொடுக்கிறது, அதனால் மெதுவாக இழுக்கிறோம். ரோட்டாகேப் போன்ற பொடி மருந்தில் தள்ளிவிட எதுவும் இல்லை. உங்கள் மூச்சின் வேகம்தான் பொடியை உடைத்து உள்ளே கொண்டுபோக வேண்டும். எனவே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இழுத்த பிறகு கேப்சூலைப் பாருங்கள். பொடி மிச்சமிருந்தால் இன்னொரு தடவை இழுங்கள். மிஷினுக்குள் ஊதக் கூடாது, மூச்சின் ஈரத்தில் பொடி கட்டிப்போகும். நெஞ்சில் பலம் குறைந்த வயதானவர்களுக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இந்த வேகம் வராது. அவர்களுக்குப் பம்பும் ஸ்பேசரும்தான் சரி.

அந்தக் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டேனே, ஏதாவது ஆகிவிடுமா?

பயப்பட வேண்டாம், ஒன்றும் ஆகாது. பலனும் இருக்காது. அடுத்த வேளை மிஷினில் போட்டு இழுங்கள்.

வாய் கொப்பளிக்கச் சொல்வது எதற்கு?

தொண்டையில் படிந்த ஸ்டீராய்டு அங்கேயே இருந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படரும், குரல் கம்மும். இழுத்ததும் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். பல் துலக்குவதற்கு முன் இழுத்துக்கொண்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. நிவாரண பம்புக்கு இது கட்டாயமில்லை.

ஆஸ்பத்திரியில் புகை வைத்தால்தான் எனக்குக் கேட்கிறது. வீட்டுக்கே நெபுலைசர் வாங்கிவிடட்டுமா?

நெபுலைசரில் வைப்பதும் பெரும்பாலும் அதே சால்பியூட்டமால்தான், 2.5 மில்லிகிராம், அதாவது பம்பில் அடிக்கும் அளவைப்போலப் பல மடங்கு. அதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. இழுப்பு வந்த நேரத்தில் ஸ்பேசர் வைத்து நாலு முதல் பத்து தடவை வரை ஒவ்வொன்றாக அடித்தால் பெரும்பாலானவர்களுக்கு நெபுலைசருக்குச் சமமான பலன் கிடைக்கிறது. பத்து நிமிடம் உட்கார வைத்து, மிஷின் சத்தத்தோடு முகத்தில் புகை வருவதைப் பார்க்கும்போது பெரிய வைத்தியம் நடந்ததுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

பம்பைக் கையாள முடியாத அளவு தளர்ந்த முதியவர்களுக்கு டாக்டரே வீட்டு நெபுலைசர் சொல்வதுண்டு. நான் பயப்படுவது, வீட்டில் மிஷின் இருக்கிற தைரியத்தில் ராத்திரி முழுவதும் புகை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பற்றி.

பம்பு அடித்ததும் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. நிறுத்திவிடலாமா?

சால்பியூட்டமால் அட்ரினலின் ஒட்டும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னேன் அல்லவா? கைத் தசையிலும் இதயத்திலும் அது கொஞ்சம் வேலை காட்டுகிறது. சற்று நேரத்தில் அடங்கிவிடும். அடிக்கடி இப்படி ஆகிறதென்றால் நீங்கள் அடிக்கடி அடிக்கிறீர்கள் என்று பொருள். ஸ்டீராய்டு பம்பு ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். இதயநோய் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரே பம்பையே தினமும் எடு, முட்டினாலும் எடு என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். நீங்கள் இரண்டு வேறு என்கிறீர்களே?

உங்கள் டாக்டர் சொல்வது சரி. நான் மேலே சொன்ன இரண்டு வேலைகளையும் ஒரே குப்பியில் வைத்த மருந்துகள் உண்டு. பியூடெசோனைடும் ஃபார்மோட்டிராலும் சேர்ந்தது அதில் ஒன்று. ஃபார்மோட்டிரால் சில நிமிடங்களிலேயே தசையைத் தளர்த்துகிறது, பன்னிரண்டு மணி நேரமும் நிற்கிறது. அதனால் அதை நிவாரணத்துக்கும் பயன்படுத்தலாம். முட்டும்போதெல்லாம் கூடவே கொஞ்சம் ஸ்டீராய்டும் போய்ச் சேரும். ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜினா அமைப்பு, 2019-இல் சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவுக்கு வைத்தியம் பார்ப்பதைக் கைவிடச் சொன்னது. அதன் பிறகு இந்த முறை பரவலாகிவிட்டது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சால்மீட்டரால், புளூட்டிகசோன் சேர்ந்த பம்பை இப்படிப் பயன்படுத்தக் கூடாது. சால்மீட்டரால் வேலை செய்யத் தொடங்கவே தாமதமாகும். பார்வைக்கு இரண்டு பம்பும் ஒன்றுபோல இருக்கலாம். நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள். இன்னொன்று: ஆஸ்துமாக்காரர்கள் ஃபார்மோட்டிராலையோ சால்மீட்டராலையோ ஸ்டீராய்டு இல்லாமல் தனியாக எடுக்கவே கூடாது. மேலே சுகமாக இருக்கும், உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே போகும். அப்படி இறந்தவர்கள் உண்டு.

அப்பாவுக்குத் தினம் ஒரு கேப்சூல் இழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது என்ன மருந்து?

சி.ஓ.பி.டி. என்றால் அனேகமாக டயோட்ரோப்பியம், இல்லையென்றால் கிளைக்கோப்பைரோனியம். மூச்சுக்குழாயை இறுக்கச் சொல்லி நரம்பு வழியாக எந்நேரமும் ஒரு கட்டளை வந்துகொண்டிருக்கிறது. அதைக் கொண்டுவரும் பொருள் அசிட்டைல்கோலின். அது போய் ஒட்டும் இடத்தை இந்த மருந்து மறித்துக்கொள்கிறது. டயோட்ரோப்பியம் இருபத்துநாலு மணி நேரமும் அப்படி மறித்து நிற்கும். நம் வேலியோரத்தில் கிடக்கும் ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினும் இதே வேலையைத்தான் செய்கிறது. முற்காலத்தில் ஊமத்தை இலையைப் புகைத்து இளைப்புக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஊமத்தை மூளை வரை போய்ப் புத்தியைப் பேதலிக்கச் செய்யும் விஷம். இந்த மருந்துகளை ரத்தத்தில் அதிகம் கலக்காதபடி மாற்றி அமைத்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் ஊமத்தையைத் தொட வேண்டாம்.

வாய் உலர்வது சாதாரணம். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சரியாகப் பிரியாதவர்களும், கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்களும் அதை முன்னாலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சி.ஓ.பி.டி.யில் ஸ்டீராய்டு பம்பு எல்லோருக்கும் தேவைப்படாது. அது நிமோனியா வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. அடிக்கடி நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும், ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளை அணு அதிகம் உள்ளவர்களுக்கும்தான் அதைச் சேர்ப்பார்கள். பக்கத்து வீட்டு ஆஸ்துமாக்காரரின் பம்பை அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள்.

டெரிஃபிலின் போட்டால் நன்றாகக் கேட்கிறது, விலையும் குறைவு. அதையே வாங்கிக்கொள்கிறேனே?

டெரிஃபிலினில் இருப்பது தியோஃபிலினும் அதன் உறவான எட்டோஃபிலினும். தியோஃபிலினை 1888-இல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். காப்பியிலுள்ள காஃபீனுக்கு நெருங்கிய உறவு. தசையைத் தளர்த்தும், ஆனால் பம்பு அளவுக்கு இல்லை. பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகவும் குறுகலாக இருப்பதுதான் இதன் குறை. கூடினால் குமட்டல், வாந்தி, தாறுமாறான நெஞ்சுத் துடிப்பு, வலிப்பு வரை போகலாம்.

புகையிலைப் புகை இந்த மருந்தை ஈரல் சீக்கிரம் கழித்துவிடும்படி செய்கிறது. அதனால் பீடி குடிக்கிறவருக்குக் கூடுதல் அளவு தேவைப்பட்டிருக்கும். அவர் பீடியை விட்ட சில நாட்களில் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் தேங்கத் தொடங்கும். காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃபிளாக்சசின் போட்டாலும், எரித்ரோமைசின் போட்டாலும் இதே கதை. பீடியை விட்டது மிக நல்ல காரியம். விட்டதை டாக்டரிடம் சொல்லி இந்த மாத்திரையின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி மான்டெலுகாஸ்ட் போட்டதிலிருந்து பிள்ளை தூக்கத்தில் அலறுகிறான். மருந்தினாலா?

இருக்கலாம். லூக்கோட்ரையீன் என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் மாத்திரை இது. மூக்கொழுகலும் ஆஸ்துமாவும் சேர்ந்தவர்களுக்கு உதவும். சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம் வரை உண்டாக்குகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டையில் போடச் சொன்னது. பிள்ளையின் குணம் மாறினால் அன்றே டாக்டரைக் கேளுங்கள்.

இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை போட்டேன், ஒரு மணி நேரத்தில் பயங்கரமாக இழுத்துவிட்டது. சம்பந்தம் உண்டா?

உண்டு. ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது. அவை உடம்பில் அழற்சிப் பொருட்கள் தயாராகும் ஒரு பாதையை அடைத்ததும், அழற்சி வேலை முழுவதும் லூக்கோட்ரையீன் பக்கம் திரும்பிவிடுகிறது. மூக்கில் சதை வளர்ந்து வாசனை தெரியாமல் இருப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோருக்குப் பாரசிட்டமால் சாதாரண அளவில் ஒத்துக்கொள்ளும். ஒரு தடவை இப்படி ஆகியிருந்தால் அந்த மாத்திரையின் பெயரைச் சீட்டில் எழுதி வைத்து, எந்தக் கடைக்குப் போனாலும் காட்டுங்கள்.

பலரும் எதிர்பார்க்காத இன்னொன்று: கண் நீரழுத்தத்துக்கு விடும் டைமோலால் சொட்டு. கண்ணில் விட்டாலும் அது ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயை இறுக்கும். பதற்றத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் புரொப்பரனலால் மாத்திரையும் அப்படியே.

ஆடாதோடை, தூதுவளை போதாதா? ஹைதராபாத்தில் மீன் மருந்து கொடுக்கிறார்களாமே?

ஆடாதோடையை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்தே ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டி உருவானது. சித்த வைத்தியம் விரும்பினால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. பம்பு எடுப்பதையும் சொல்லி, இரண்டு டாக்டர்களுக்கும் தெரிந்து எடுங்கள். பம்பை நிறுத்திவிட்டு எடுக்காதீர்கள். உயிர்மீனின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்யும் அந்த முறையால் ஆஸ்துமா குணமாவதாக எந்தச் சோதனையும் நிரூபிக்கவில்லை.

பெயரும் முத்திரையும் இல்லாத பொட்டலப் பொடி, ‘ஸ்பெஷல்’ மாத்திரை இரண்டையும் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம். ஒரே வாரத்தில் இளைப்பு பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, முகம் உப்பிவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே சந்தேகப்பட வேண்டும். அதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. நேராக டாக்டரிடம் பொட்டலத்தோடு போங்கள்.

அப்படியானால் டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் நல்லதா?

கடுமையான இழுப்பில் பிரெட்னிசலோன் உயிரைக் காக்கும். ஆஸ்துமாவிலும் சி.ஓ.பி.டி.யிலும் வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த நாட்களில் சர்க்கரை எகிறும், அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். தப்பு நடப்பது, பழைய சீட்டைக் காட்டி மறுபடியும் மறுபடியும் வாங்குவதில். எலும்பு தேயும், கண்புரை வரும், உடம்பு தன் கார்ட்டிசோலைச் சுரப்பதை நிறுத்திவிடும். வருடத்தில் இரண்டு தடவை இந்த மாத்திரை தேவைப்பட்டாலே, தினசரி மருந்து போதவில்லை அல்லது சரியாக உள்ளே போகவில்லை என்று பொருள்.

அம்மா ஒரு பீடி கூடத் தொட்டதில்லை. அவளுக்கு எப்படி இந்த நோய்? மருந்து கேட்குமா?

அடுப்புப் புகை. உடைமர விறகிலும் பனையோலையிலும் முப்பது நாற்பது வருடம் சமைத்தவள். திசையன்விளைப் பக்கம் என்றால் விடிலி என்ற ஓலைக் குடிசைக்குள் உட்கார்ந்து பதநீர் காய்ச்சியவளாகவும் இருக்கலாம். பதநீர் கருப்பட்டிப் பதத்துக்கு வரும் வரை அடுப்பு மணிக்கணக்கில் எரிய வேண்டும், அவள் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். புகை போக ஓலைக் கூரையில் சரியான வழி இருப்பதில்லை. ஆண்களுக்குப் பீடி செய்ததை இவளுக்கு அந்த அடுப்பு செய்திருக்கிறது. பஞ்சு, தவிடு, செங்கல் சூளைத் தூசியும் சேர்ந்துகொள்ளும்.

மருந்து மூச்சுமுட்டலைக் குறைக்கும், நோய் திடீரென முற்றுவதைக் குறைக்கும். ஆனால் புகை தொடர்ந்தால் எந்த மருந்தும் நுரையீரல் தேய்வதைப் பிடித்து நிறுத்தாது. கேஸ் அடுப்பை டீக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வெந்நீரையும் நெல் அவிப்பதையும் விறகிலேயே செய்கிற வீடுகள் இன்னும் நிறைய. அந்த வேலையிலிருந்து அம்மாவை விலக்குவது பிள்ளைகளின் கையில் இருக்கிறது. கூடவே வருடாவருடம் புளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

நோன்பு நேரத்தில் இழுக்கலாமா?

இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. அதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தினசரி மருந்துக்கு அந்தக் கவலையே வேண்டாம். பன்னிரண்டு மணி நேர மருந்துகளை சஹர் நேரத்திலும் நோன்பு திறந்த பிறகும் எடுக்கலாம். பகலில் இழுப்பு வந்துவிட்டால் யோசிக்காமல் நிவாரண பம்பை எடுங்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

மகள் முழுகாமல் இருக்கிறாள். பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன், சரிதானே அண்ணாச்சி?

இன்றே திரும்ப எடுக்கச் சொல்லுங்கள் அக்கா. வயிற்றிலுள்ள பிள்ளைக்கு ஆக்சிஜன் தாயின் மூச்சிலிருந்துதான் போகிறது. இழுப்புதான் பிள்ளைக்குக் கெடுதல். பியூடெசோனைடு, சால்பியூட்டமால் இரண்டும் கர்ப்பகாலத்தில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருப்பவை.

இரண்டு மாதமாக இழுப்பே இல்லை. நிறுத்திவிட்டேன். தப்பா?

இழுப்பு இல்லாமல் இருந்தது மருந்து வேலை செய்ததால். சித்திரை, வைகாசியில் நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டு, ஆனியில் சாரல் காற்று ஆரம்பித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்களை எல்லா வருடமும் பார்க்கிறேன். மூன்று மாதம் போல நன்றாக இருந்தால் டாக்டரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அவர் குறைக்கட்டும். கத்திரி வெயிலில் பம்பை வண்டிப் பெட்டிக்குள் போட்டு வைப்பதும் வேண்டாம். சூட்டில் குப்பி வெடிக்கலாம், மருந்தும் கெடும்.

எப்போது வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எப்போது ஓட வேண்டும்?

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் வார்த்தை வார்த்தையாகத் திணறினால், உதடோ நகமோ நீலம் பாய்ந்தால், குழந்தையின் விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கினால், பம்பு அடித்தும் கேட்காமலிருந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள். இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று ஆள் அயர்ந்துபோனால் அது சுகமானதின் அடையாளம் அல்ல. காற்றே போகவில்லை என்று அர்த்தம். வண்டி வரும் வரை ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பேசரில் ஒவ்வொரு அடியாக, அடிக்கு நாலைந்து மூச்சு என்று கொடுத்துக்கொண்டிருங்கள். படுக்க வைக்காதீர்கள், சுற்றி நின்று காற்றை மறிக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆக்சிஜன் 90தான் காட்டுகிறது. கூட்டி வையுங்கள் என்றால் நர்ஸ் மறுக்கிறார். ஏன்?

சி.ஓ.பி.டி.க்காரருக்கு அவர் செய்வது சரி. கொரோனா காலத்தில் எல்லோரும் ஆக்ஸிமீட்டரில் 95-ஐத் தேடிப் பழகிவிட்டோம். முற்றிய சி.ஓ.பி.டி.யில் வெளியேற வேண்டிய கரியமில வாயு ஏற்கெனவே தேங்கியிருக்கும். ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தால் அது இன்னும் ஏறி, ஆள் மயக்க நிலைக்குப் போய்விடலாம். ஆகவே ஆக்சிஜனையும் ஒரு மருந்தாக எண்ணி, அளவை 88-க்கும் 92-க்கும் நடுவில் நிறுத்துகிறார்கள். சாதாரண ஆஸ்துமாவில் இந்த வரம்பு இல்லை. அங்கே இன்னும் மேலே வைப்பார்கள். வீட்டுக்கு ஆக்சிஜன் மிஷின் எழுதிக் கொடுத்தாலும் இதேதான்: முட்டும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்துப் பலனில்லை, ஒரு நாளில் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல், டாக்டர் குறித்துக் கொடுத்த லிட்டர் அளவிலேயே வைக்க வேண்டும். அந்தக் குமிழைத் திருப்ப வீட்டில் யாரையும் விடாதீர்கள். அந்த அறைக்குள் பீடி, விளக்கு, சாம்பிராணி எதுவும் கூடாது.